உங்களுக்கும் ஒரு கடைசி தேதி வேண்டும்: கல்வி உதவித்தொகை அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

பட்டியல் சாதி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்காகத் தரப்படும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக் கோப்பில் டெல்லியிலும் சென்னையிலும் மாவட்டங்களிலும் கையெழுத்துப் போடுகிற எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒருவருக்கு மட்டும் எழுதினால், ‘இது எங்கள் மட்டத்தில் இல்லை’ என்று அடுத்த மேசையைக் காட்டுவீர்கள். அந்த மேசைகளையெல்லாம் எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

நான் கல்லூரி ஆசிரியை. பாடம் எடுப்பதோடு ஸ்காலர்ஷிப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது, இணையதளத்தில் ஏற்றுவது, திருப்பி அனுப்பப்பட்டதைத் திருத்தி மறுபடி அனுப்புவது எல்லாம் என் வேலை. ‘மேடம், காசு எப்ப வரும்?’ என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பதும் அந்த வேலையில் அடக்கம்.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு பதில் கடிதம். எங்களிடம் பி.எஸ்சி. முடித்துப்போன மாணவி ஒருத்தி, தன் மூன்றாம் ஆண்டுக்கான தொகை இன்னும் வரவில்லை என்று திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருந்தாள். அதற்கு வந்த பதில் இரண்டு வரி. மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டதாம். நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் உதவித்தொகை வழங்கப்படுமாம். அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, ‘மேடம், இது ஓகேவா, ரிஜெக்ட்டா?’ என்று கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. இணையத்தில் அந்த மனுவின் நிலை ‘ஏற்கப்பட்டது’ என்று இருந்தது. அரசைப் பொறுத்தவரை அந்த மனு தீர்ந்துவிட்டது. அவளுக்குக் கல்லூரியில் பாக்கி இருக்கிறது. பாக்கி இருப்பதால் ஒரிஜினல் சான்றிதழ்கள் கைக்கு வரவில்லை. சான்றிதழ் இல்லாததால் வேலைக்குப் போன இடத்தில் நகலை வைத்துக்கொண்டு அவகாசம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்தத் திட்டத்தில் மாணவர் பக்கம் எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. விண்ணப்பிக்க ஒரு கடைசி தேதி. வருமானச் சான்று செல்லுபடியாகும் தேதிக்குள் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைக்க ஒரு தேதி. செமஸ்டர் கட்டணம் கட்ட ஒரு தேதி, அது தாண்டினால் அபராதத்தோடு இன்னொரு தேதி. தேர்வுக் கட்டணத்துக்குத் தனியாக ஒன்று. எனக்கும் கெடு உண்டு. கல்லூரி அளவில் சரிபார்த்து முடிக்காவிட்டால் மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வரும். இத்தனை தேதிகளுக்கு நடுவில், பணம் வந்து சேர வேண்டிய தேதி என்று ஒன்றை மட்டும் எந்த மாணவரிடமும் யாரும் சொன்னதில்லை. நான் சொல்ல வந்த குறை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

திட்டமே இல்லை, பணமே ஒதுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2017-18 முதல் 2019-20 வரை ஒன்றிய அரசின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாயாகச் சுருங்கிக் கிடந்தது. 2020 டிசம்பர் 23 அன்று ஒன்றிய அமைச்சரவை அதை மாற்றியது. 2025-26 வரையிலான காலத்துக்கு மொத்தம் 59,048 கோடி, அதில் ஒன்றிய அரசு 35,534 கோடி, மீதி மாநிலங்கள் என்று முடிவானது. 60 சதவீதம் டெல்லி, 40 சதவீதம் மாநிலம். நல்ல முடிவு. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஆசிரியர் அறையில் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

அப்புறம் விதிகள் வந்தன. மாநிலம் முதலில் தன் 40 சதவீதத்தை மாணவருக்குக் கொடுக்க வேண்டும். அது உறுதியான பிறகே ஒன்றிய அரசின் 60 சதவீதம் மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும். இடைத்தரகர் இல்லை, கல்லூரிகள் போலிக் கணக்கு எழுத முடியாது என்றார்கள். அந்த நோக்கத்தை நானும் மதிக்கிறேன். இல்லாத மாணவர் பெயரில் பணம் எடுத்த கதைகள் பல மாநிலங்களில் வெளிவந்தவைதான். ஆனால் நடைமுறையில் என்ன ஆயிற்று? ஒரே மாணவருக்கு ஒரே ஆண்டின் பணம் இரண்டு துண்டாக, இரண்டு வேறு காலத்தில் வருகிறது. ஒன்று வந்து இன்னொன்று வராமல் நிற்பதும் உண்டு. கல்லூரி அலுவலகத்துக்குத் துண்டுக் கணக்கெல்லாம் புரியாது, முழுக் கட்டணம்தான் புரியும். முதல் துண்டு வந்தபோது அதை வாங்கி வரவு வைத்துவிட்டு, மீதிக்கு மாணவரின் பெயரை நிலுவைப் பட்டியலில் எழுதிவிடுவார்கள்.

அந்தப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது ஹால் டிக்கெட் கொடுக்கும் நாள் வரும். அதற்கு முன்னால் வகுப்புக்கு வகுப்பு ஒரு சுற்றறிக்கை வரும். உதவி ஊழியர் கொண்டுவந்து நீட்டுவார், பாடத்தை நிறுத்திவிட்டு நான்தான் வாசிக்க வேண்டும். ‘எஸ்.சி. ஸ்காலர்ஷிப் மாணவர்கள் மட்டும் அலுவலகத்துக்கு வரவும்.’ வாசித்து முடித்ததும் வகுப்பில் யார் யார் எழுந்து போகிறார்கள் என்று மற்ற எல்லாரும் பார்ப்பார்கள். அதுவரை யார் என்ன சாதி என்று தெரியாமல் ஒரே பெஞ்சில் இருந்து சாப்பாட்டைப் பகிர்ந்தவர்கள் பார்ப்பார்கள். சில பிள்ளைகள் எழுந்திருக்கவே மாட்டார்கள். இடைவேளையில் யாரும் பார்க்காதபோது போய்க்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்பார்கள். நான் இப்போது அந்த வரியை வாசிப்பதில்லை. ‘ஆபீஸில் கூப்பிட்டால் போய் விசாரித்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதை என்னால் தடுக்க முடியவில்லை. பணம் உரிய காலத்தில் வந்திருந்தால் அந்தப் பட்டியலுக்கே தேவை இருந்திருக்காது என்பதைச் சென்னையிலும் டெல்லியிலும் இருக்கும் நீங்கள் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். உங்கள் தாமதத்தால் ஒரு பெண்ணின் சாதி அவள் வகுப்பில் வெளியாகிறது.

சரி, பட்டியலில் பெயர் வந்த பிறகு என்ன நடக்கும்? வீட்டில் பணம் புரட்டுவார்கள். தோட்டை அடகு வைப்பார்கள், மகளிர் குழுவில் கடன் எடுப்பார்கள், இரண்டும் முடியாதவர்கள் வட்டிக்காரரிடம் போவார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 20,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 600 ரூபாய் வட்டி. உங்கள் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, வீட்டிலிருந்து வந்து சாதாரண கலை, அறிவியல் பட்டப்படிப்பு படிக்கும் மாணவருக்குக் கட்டணம் போக ஆண்டுக்குக் கிடைக்கும் படி 3,000 ரூபாய். ஐந்தாவது மாதத்தோடு அந்தப் படி முழுவதும் வட்டியாகப் போய்விடும். ஆறாவது மாதத்திலிருந்து, அரசிடம் உதவித்தொகை வாங்குவதற்காக அந்தக் குடும்பம் கைக்காசைச் செலவழிக்கிறது. மூன்று வட்டி என்று நான் சொன்னது அடகுக் கடையை வைத்து. அடகு வைக்க எதுவும் இல்லாதவர்களுக்கு வட்டி அதைவிட அதிகம், அதை இங்கே எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

அந்த 3,000 ரூபாயையே மாதக் கணக்கில் பார்த்தால் 250 ரூபாய். பஸ் பாஸ் இருப்பதால் போக்குவரத்தை விட்டுவிடுவோம். ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், ஒரு பாடப் புத்தகம் என்று சேர்த்தால் இரண்டு மாதப் படி ஒரே நாளில் தீர்ந்துவிடும். தொழிற்கல்வி படித்துக்கொண்டு விடுதியில் தங்குகிறவருக்கு ஆண்டுக்கு 13,500. இந்தத் தொகைகளை உயர்த்தக் கேட்பது நியாயம்தான், கேட்கவும் செய்வேன். ஆனால் தேதி இல்லாமல் தொகையை மட்டும் உயர்த்தினால் உயர்த்திய தொகையும் வட்டிக்கடைக்குத்தான் போகும்.

தனியார் கல்லூரிகளை நான் நல்லவர்கள் என்று காட்ட வரவில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு சுயநிதிக் கல்லூரிகளில் கட்டணக் குழு நிர்ணயித்த கட்டணத்தை அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு 2012இல் அரசாணை எண் 92 பிறப்பித்தது. அந்த ஆணையின் நகலை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிய பிள்ளைகளை, ‘அரசாங்கம் தரும்போது தரட்டும், நீ இப்போது கட்டு, வந்ததும் திருப்பித் தருகிறோம்’ என்று அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். திருப்பித் தராதவர்களையும் தெரியும். அதே சமயம், நிலுவைக்காகக் காத்திருந்து ஆசிரியர் சம்பளத்தை நிறுத்திவைத்த சின்னக் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் என் தோழிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அரசு தாமதிக்கிறது, கல்லூரி அந்தச் சுமையை மாணவர் தலையில் இறக்கிவைக்கிறது. மாணவர் இறக்கிவைக்க அவருக்குக் கீழே யாரும் இல்லை.

சான்றிதழை வைத்துக்கொள்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. சான்றிதழ் என்பது விற்கிற பொருள் இல்லை, கட்டணப் பாக்கிக்கு ஈடாக அதை வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் பாக்கி வைத்திருக்கும் பெண் எந்தத் தைரியத்தில் வக்கீலைப் பார்ப்பாள்? வக்கீலுக்குக் கொடுக்கிற காசை வைத்துப் பாக்கியை அடைக்கலாமே என்றுதான் அவள் அம்மா சொல்வார்.

இன்னொரு விஷயம், வங்கி. பணம் வந்துவிட்டது என்று இணையதளம் காட்டும், மாணவர் கையில் இருக்காது. எங்கள் மாணவர் ஒருவருக்கு இப்படி ஆனது. பாஸ்புக்கில் வரவே இல்லை. தேடித் தேடிப் பார்த்ததில், புது சிம் கார்டு வாங்கக் கடையில் கைரேகை வைத்தபோது அவர் பெயரில் ஒரு பேமென்ட் வங்கிக் கணக்கும் சேர்ந்தே திறக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் அரசுப் பணம் போகும். அவர் எண்ணைக்கூட அறியாத ஒரு கணக்கில் அவருடைய கல்லூரிக் கட்டணம் உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, எடுத்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் திறந்த கணக்கு பல வருடம் பயன்படுத்தாமல் முடங்கிக் கிடப்பது, அப்பாவின் பழைய போன் நம்பருக்கு ஓ.டி.பி. போவது இதெல்லாம் சாதாரணமாக நடக்கிறது. எல்லாவற்றையும்விட வேடிக்கை பெயர்ப் பொருத்தம். தமிழ்நாட்டில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் இருந்தால் ஒருவர், பின்னால் இருந்தால் வேறொருவர் என்று உங்கள் கம்ப்யூட்டர் நினைக்கிறது. ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் இன்னொரு மாதிரி. அப்பா பெயரின் முதலெழுத்தை எங்கே போட்டாலும் அது அதே பெண்தான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்தக் காரணத்துக்காக ஒரு பிள்ளை கூலி வேலைக்குப் போகும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஆதார் மையத்துக்கு அலைகிறது. அம்மாவுக்கு அன்றைய கூலி போய்விடுகிறது.

அடுத்தது வருமான வரம்பு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இது 2013இல் வைத்த வரம்பு. அதற்குப் பிறகு பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்களை இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் கிரீமி லேயர் வரம்பை 2017இல் 6 லட்சத்திலிருந்து 8 லட்சமாக உயர்த்தினீர்கள். 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் என்ற புதிய ஒதுக்கீட்டுக்கும் 8 லட்சம் வைத்தீர்கள். 2025 பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரி கட்ட வேண்டாம் என்று அறிவித்தீர்கள். இந்தப் பிள்ளைகளின் இரண்டரை லட்சம் மட்டும் நகரவே இல்லை. அப்பா வேன் ஓட்டி மாதம் 12,000, அம்மா ஜவுளிக்கடையில் நின்றபடியே வேலை பார்த்து 9,000 வாங்கினால் ஆண்டுக்கு 2,52,000. இரண்டாயிரம் ரூபாய் அதிகம், எனவே உதவித்தொகை கிடையாது. எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகச் சம்பாதிக்கும் வீடு நலிந்த வீடு, 2,52,000 சம்பாதிக்கும் வீடு வசதியான வீடு என்று ஒரே அரசு இரண்டு வாயால் சொல்கிறது. இதனால் என்ன ஆகிறது என்றால், உண்மையைச் சொல்கிற குடும்பம் தோற்றுப் போகிறது. வருமானச் சான்றில் பாதி ஊருக்கு ஒரே வருமானம் எப்படி வருகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தத் திட்டம் எங்கிருந்து வந்தது என்பதை நான் உங்களுக்கு நினைவூட்டுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனாலும் சொல்கிறேன். 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான அம்பேத்கர் விடாமல் வலியுறுத்தியதன் பலனாக, 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகை தொடங்கியது. அவரே உதவித்தொகையில் படித்தவர். பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு கொடுத்ததால்தான் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போக முடிந்தது. அந்த உதவித்தொகையின் காலம் முடிந்ததால்தான் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பவும் வேண்டியிருந்தது. மறுபடி அங்கே போக அவருக்கு 1920 ஆகிவிட்டது. பணம் நின்றால் படிப்பு நிற்கும் என்பது இந்தத் திட்டத்துக்குக் காரணமானவரின் வாழ்க்கையிலேயே நடந்தது. அவர் சிரமப்பட்டுத் திரும்பிப் போய்ப் படித்தார். எல்லாரையும் அம்பேத்கராக இருக்கச் சொல்லி ஓர் அரசுத் திட்டம் கேட்கக் கூடாது.

இப்போது நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 2024இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு ஐ.ஐ.டி. தன்பாத்தில் இடம் கிடைத்தது. பட்டியல் சாதி மாணவர். இடத்தை உறுதிசெய்யக் கட்ட வேண்டியது 17,500 ரூபாய். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் வீட்டில் பணத்தைப் புரட்டிக் கட்டி முடிக்க முடியவில்லை. இணையதளம் மூடிக்கொண்டது, இடம் போனது. அவர் கதவு கதவாகத் தட்டி உச்ச நீதிமன்றம் வரை போனார். செப்டம்பர் 30 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, முழு நீதி கிடைக்க உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. எல்லோரும் கைதட்டினோம். ஒரு மாணவர் சில நிமிடம் தாமதித்ததைச் சரிசெய்ய நாட்டின் தலைமை நீதிபதி உட்கார வேண்டியிருந்தது. அரசு மாதக் கணக்கில் தாமதித்தால் யார் முன்னால் போய் நிற்பது? 142ஆவது பிரிவு எங்கள் பி.எஸ்சி. பெண்ணுக்கு எட்டாது.

தேதி வைத்துப் பணம் கொடுக்க அரசால் முடியாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், மாதத்தின் 15ஆம் தேதியை வைத்து வழங்கப்பட்டு வந்திருக்கிறது. 15ஆம் தேதி விடுமுறை என்றால் முந்தின நாளே வந்துவிட்டதா என்று பெண்கள் போனை எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த அளவுக்கு ஒரு தேதியை மக்கள் மனதில் பதியவைக்க அரசால் முடிந்திருக்கிறது. அதே வங்கிகள், அதே ஆதார், அதே கருவூலம். அங்கே முடிவது இங்கே ஏன் முடியவில்லை? அந்தத் தேதி தவறினால் அன்று மாலையே செய்தியாகிவிடும். எங்கள் பிள்ளைகளின் பணம் தவறினால் அவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள், அவ்வளவுதான்.

இனி என்ன வேண்டும் என்று நேரடியாகச் சொல்கிறேன்.

2020இல் எடுத்த முடிவு 2025-26 வரைக்குமானது. அதை அடுத்து வரும் சுற்றுக்கான விதிகளில், மாநிலம் தன் பங்கை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், ஒன்றிய அரசு தன் பங்கை அதிலிருந்து எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று எண்ணில் எழுதுங்கள். கட்டணத் தொகையாவது அந்த ஆண்டின் முதல் செமஸ்டர் தேர்வுக்கு முன் மாணவர் கணக்கில் இருக்க வேண்டும். ‘நிதி இருப்புக்கு உட்பட்டு’ என்ற வரி விதிகளில் இருக்கக் கூடாது. மாநிலம் தாமதித்தால் ஒன்றியப் பங்கும் நிற்கும் என்ற ஏற்பாட்டையும் எடுத்துவிடுங்கள். இரண்டு அரசுகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், மாணவருக்கு இரண்டு பங்கும் ஒரே நாளில் வரட்டும்.

தேதி தவறினால் தாமதத்துக்கு வட்டி கொடுங்கள். நாங்கள் ஒரு நாள் தாமதித்தால் அபராதம் வசூலிக்கிறீர்கள், அதே விகிதம் போதும். இது பேராசை என்று உங்களுக்குத் தோன்றினால், வட்டிக்கடையில் அந்தக் குடும்பம் வைத்திருக்கும் ரசீதை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

உதவித்தொகை நிலுவையைக் காரணம் காட்டி ஹால் டிக்கெட், டி.சி., மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று எதையும் நிறுத்தக் கூடாது என்று அரசாணை போடுங்கள், மீறும் கல்லூரிக்கு என்ன தண்டனை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். முன்பணம் கட்டாமல் சேர்வதற்கான ஃப்ரீஷிப் கார்டு உங்கள் விதிகளிலேயே இருக்கிறது. அதைக் கல்லூரிகள் மதித்தே ஆக வேண்டும் என்று ஆக்குங்கள். எஸ்.சி. மாணவர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதையும் வகுப்பில் வாசிக்க வைப்பதையும் இன்றைக்கே ஒரு சுற்றறிக்கையால் நிறுத்தலாம், அதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம்.

படித்து முடித்துப்போனவர்களின் பழைய நிலுவையை முதலில் தீர்த்துவிட்டுப் புது ஆண்டைத் தொடங்குங்கள். மாவட்டவாரியாக எத்தனை பேருக்கு எந்த ஆண்டுப் பணம் பாக்கி என்று, பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் வெளியிடுங்கள்.

வருமான வரம்பை 8 லட்சமாக்குங்கள். வேறு பிரிவுகளுக்கு நீங்களே வைத்த எண்தான் அது.

பெயரில் முன்னெழுத்து இடம் மாறியதற்காகவோ, கணக்கு ஆதாரோடு வேறு வங்கியில் இணைந்துவிட்டதற்காகவோ விண்ணப்பத்தை ரிஜெக்ட் செய்யாதீர்கள். கல்லூரிக்குத் திருப்பி அனுப்பி, சரிசெய்ய அவகாசம் கொடுங்கள். கல்லூரிக்கே வங்கி ஊழியரையும் ஆதார் ஊழியரையும் ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பினால் பாதித் தொல்லை அங்கேயே தீரும். நான் மேசை நாற்காலி போட்டுத் தருகிறேன்.

கடைசியாக, இதற்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு பதில் அனுப்ப வேண்டாம். எனக்குப் பதிலே வேண்டாம். மாணவர் தன் எண்ணைப் போட்டு உள்ளே நுழையும் இணையப் பக்கத்தில், விண்ணப்பத்தின் நிலைக்குப் பக்கத்தில், பணம் எந்தத் தேதியில் வரும் என்று ஒரு கட்டம் சேர்த்து, அதில் தேதியை நிரப்புங்கள்.

இப்படிக்கு,
ஸ்காலர்ஷிப் பொறுப்பில் இருக்கும் ஒரு கல்லூரி ஆசிரியை